எங்கள் ஹோட்டலில் பேய் இல்லாமல் போனது

அக்கரப்பத்தனைப் பக்கம் நான் வேலை செய்யும் ஹோட்டல் ஒரு காலத்தில் மனநோய் ஆஸ்பத்திரி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் இன்றைக்கும், "மக பைத்திய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாளா?" என்றுதான் அம்மாவிடம் விசாரிப்பார்கள். பனியிலும் சாராயத்திலும் புத்தி கலங்கிய, தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரை ஒளித்து வைக்கக் கட்டினார்களாம். அவர்கள் கப்பலேறிய பிறகு, எங்கள் ஆட்களுக்கும் புத்தி உண்டு, அதுவும் கலங்கும் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. பிறகு மூடினார்கள். பல வருஷம் ஆடுகள் குடியிருந்தன. கடைசியில் ஒரு கொழும்புக்காரர் வாங்கி, ஜன்னல் கம்பிகளைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி போட்டார். இப்போது ஆட்கள் தாங்களாகவே வந்து படுக்கிறார்கள்.

நான் ரிசப்ஷனில் இருக்கிறேன். பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் விருந்தினருக்குப் பேய்க் கதை சொல்வதும் என் வேலைதான். மேல்மாடி மூலை அறையில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி காதல் தோல்வியில் செத்து, இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது மேனேஜர் கட்டிவிட்ட கதை. நானும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஹோட்டலில் ஊழியருக்கு ஒரு விருந்து. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, "நான் வாறேன்டி" என்று முந்திக்கொண்டார். அவர் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பிறந்த பிள்ளை செத்துப்போனதிலிருந்து அத்தை வாயே திறக்கவில்லையாம். கொழுந்து ஒழுங்காகப் பறித்துப் போட்டதால் அது ஒருவருக்கும் நோயாகப் படவில்லை. ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கத்தவும், அத்தை நிறைந்த கூடையை அவர் தலையில் கவிழ்த்துவிட்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரி ஜீப் வந்துவிட்டது.

ஹோட்டலை நெருங்கியதும் வழக்கம்போல ஊழியர் போகும் பின்கேட்டுக்குத் திரும்பினேன். அத்தை நகரவில்லை.

"அன்னைக்கு முன்கேட்டாலதான் கூட்டிட்டுப் போனாங்க. இன்னைக்கு மட்டும் என்னடி?"

முன்கேட்டாலேயே போனோம்.

தேத்தண்ணி நேரத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு டீச்சர், "மெய்யாவே இஞ்ச பேய் இருக்கோ, பிள்ளை?" என்று கேட்டார். மேனேஜர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் சீமாட்டியைச் சாகடிக்கும் கட்டத்துக்கு வந்தபோது, கேக் தின்றுகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்.

"மேல மூலை ரூமுலயா? அங்க ஏதுடி வெள்ளைக்காரி? நாங்க நாலு பொம்பளைங்க கெடந்தோம். அழுதது நான்தான்."

மேனேஜர் ஓடி வந்து, "அம்மாவுக்குக் களைப்புபோல" என்றார்.

"களைப்பெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. இன்னொரு கேக்கு குடுங்க."

டீச்சர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். அத்தை சொல்லத் தொடங்கினார். பக்கத்துக் கட்டில்காரி தன்னைத் தோட்டத்துத் துரை என்று நம்பினவள். விடிந்ததும் வார்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு வைத்து, எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பாளாம். இவளை இந்த மலைக்கு, அவளை அந்த மலைக்கு. நர்ஸம்மாவைக்கூடப் புல்லு வெட்ட அனுப்பியிருக்கிறாள்.

"ஒருநாளு என்னையப் பாத்து, 'நீ லேட்டு. ஒனக்கு இன்னைக்கு அரைப் பேருதான்'னு சொல்லிப்புட்டா. அரைநாள் சம்பளம்! மாசக்கணக்கா பேசாத எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'ஏன் அரைப் பேரு? யாருடி லேட்டு?'ன்னு கத்துனேன். ஆஸ்பத்திரியே ஓடியாந்துச்சு. டாக்டரு தன்னோட மருந்துதான் வேலை செஞ்சிருக்குன்னு சொன்னாரு. பாவம், சந்தோசமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. சிரித்து முடிந்ததும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அத்தையை மூலை அறைக்குக் கூட்டிப்போனேன். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். குளியலறையில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, கை சிவக்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றார். "அப்ப ஐஸ் தண்ணி ஊத்துவானுங்க, மூதேவிங்க" என்றார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அத்தையை வாராவாரம் வரச் சொல்லலாமா? கதையில கொஞ்சம் பேயும் சேர்த்துக்கிட்டா நல்லது" என்றார். நான் அத்தையிடம் கேட்டுப் பார்த்தேன். "பேயி வேணும்னா அவரையே கட்டில்ல படுக்கச் சொல்லு" என்று முடித்துவிட்டார். சீமாட்டியை நான் அதற்குப் பிறகு சாகடிக்கவில்லை. விருந்தினர் கேட்டால் பக்கத்துக் கட்டில் துரையம்மாவின் பெரட்டைச் சொல்கிறேன். மேனேஜரும் தடுக்கவில்லை.

விருந்தன்று திரும்பும்போது, பஸ்ஸில் அத்தையிடம் கேட்டேன். "அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மா என்ன ஆனாங்க அத்த?"

"தெரியலடி. வீட்டுக்கு வந்த பொறவு அவளப் பாக்க ஒரு தடவ போனேன். வடை சுட்டுக் கொண்டுபோனேன். கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. எல்லாரையும் வேற எங்கயோ ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னு வாச்சரு சொன்னான். எங்கன்னு அவனுக்கும் தெரியல."

"வடையை என்ன செஞ்சீங்க?"

"பாதிய வாச்சருக்குக் குடுத்தேன். மீதிய ரோட்டோரமா ஒக்காந்து நானே தின்னேன். அழுதுக்கிட்டேதான் தின்னேன்" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு."