ஹாலாஸ்யம் ஐயரின் சொம்பு

"முதல்ல தீர்த்தம் சாப்பிடுங்கோ" என்று சொல்லி, புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் சொம்பை ஹாலாஸ்யம் ஐயர் என் அம்மாவின் முன் நீட்டினார். நாங்கள் பெட்டியைக் கீழே வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"வெளியிடத்தில நான் தீர்த்தம் சாப்பிடறதில்லை" என்றாள் அம்மா.

அவர் முகம் மலர்ந்தது. சொம்பை மேஜைமேல் வைத்தார். "மாமிக்கு எந்த ஊர்?"

"திண்டுக்கல். இவளுக்கு இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில உத்தியோகம் ஆயிருக்கு. பார்த்திருக்கிற வீடு காலியாக ஒண்ணரை மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் ஒரு ரூம் வேணும்."

"அகத்துல புருஷா யாரும் வரலையோ?"

"அவர் போய் மூணு வருஷம் ஆறது."

"த்சொ, த்சொ" என்றார். துக்கம் விசாரிக்க அவருக்கு அவ்வளவு நேரம் போதுமாயிருந்தது. "ஏழாம் நம்பரை எடுத்துக்கோங்கோ. பின்பக்கம். சத்தம் இருக்காது."

"ரிஜிஸ்தர்ல எழுதிக்க வேண்டாமா?" என்று நான் கேட்டேன்.

"அது போலீஸ்காரனுக்கு அம்மா. எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுடுத்து." சொம்பை ஒரு விரலால் தட்டினார். "வர எல்லாருக்கும் எதுக்குத் தண்ணி கொடுக்கறேன்னு நினைக்கறேள்?"

"தாகத்துக்குன்னு நினைச்சேன்."

அவர் சிரித்தார். "வாய் வச்சுக் குடிச்சான்னா, ரூம் இல்லை, போயிட்டு வாங்கோம்பேன். தூக்கிக் குடிச்சு மார்ல சிந்திண்டான்னா, நேத்திக்குப் பழகினவன். அவனுக்கும் ரூம் இல்லை. சிந்தாம குடிச்சா நல்ல மனுஷா. மாமி மாதிரி குடிக்கவே மாட்டேன்னா, அதுக்கு மேலே கேள்வியே கிடையாது."

"நேரே கேட்டுடலாமே?"

"வாயால கேட்டா பொய் சொல்லுவான். தொண்டை பொய் சொல்லுமோ? என்னை ஒருத்தன் ஏமாத்தினதில்லை அம்மா."

மதுரையில் நான் பேசிய முதல் மனிதர் அவர். தாகத்தோடு வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதைக்கூட ஒருவன் இப்படி ஒரு காரியமாக்கிக்கொள்ள முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அவருடைய லாட்ஜ். 'ஸ்ரீ மங்கள விலாஸ், சகல வசதிகளும் உண்டு' என்று பலகை தொங்கும். சகல வசதிகள் என்பது கொல்லையில் ஒரு குழாய். அது காலையில் ஒன்றரை மணி நேரம் வரும். கட்டில்களில் மூட்டைப்பூச்சி நிறைந்திருந்தது. புகார் சொன்னால், "அதுகளும் நம்மளை நம்பி இத்தனை வருஷமா இங்கேயே இருக்கு, எங்கே போகும்?" என்பார். காபி மட்டும் நன்றாக இருக்கும். அதைப் போட்டவர் அவர் மனைவி ஜானு.

ஹாலாஸ்யம் ஐயர் சோழவந்தான் பக்கத்துக்காரர். மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. பதினேழு வயதில் மதுரைக்கு வந்து ஒரு ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தார். இதை அவர் வாயால் சொல்லமாட்டார்; ஜானு மாமி ஒரு மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மாவிடம் சொன்னது. மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் சந்து வீடு இவரிடம் வந்து சேர்ந்தது. அதன் இரண்டு பெரிய கூடங்களையும் பலகையால் தடுத்துப் பதினோரு அறைகளாக ஆக்கியதுதான் அவர் வாழ்நாளில் செய்த ஒரே சாதனை. பலகைகள் மச்சைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். இரண்டாம் நம்பரில் ஒருவர் தும்மினால் ஆறாம் நம்பரிலிருந்து 'தீர்க்காயுசு' என்று குரல் வரும்.

கோவிலை எல்லா ஜாதியாருக்கும் திறந்துவிட்டதற்கு மறு வருஷம் அது. திறந்த அன்றிலிருந்து அவர் மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போவதில்லை. "அம்மன் அங்கே இல்லை மாமி, எப்பவோ புறப்பட்டுப் போயாச்சு" என்று என் அம்மாவிடம் சொல்வார். அதே வாயால், வந்து இறங்குகிறவர்களிடம், "கோவில் இங்கேருந்து கூப்பிடு தூரம். அவசியம் தரிசனம் பண்ணிட்டு வாங்கோ. ரெண்டு நாளா இருந்து நிதானமா பண்ணுங்கோ" என்பார். அம்மன் இல்லாத கோவிலுக்கு ஆள் வந்தால்தான் அவருக்கு அறை நிரம்பும்.

நாங்கள் போய் மூன்றாவது வாரம், ஒரு காலை நான் பள்ளிக்கூடம் புறப்படும்போது, வாசலில் ஒரு ஜட்கா நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வாலிபர் ஒரு கிழவியை இரண்டு கைகளாலும் ஏந்தி இறக்கினார். கிழவியின் கண்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

ஹாலாஸ்யம் ஐயர் சொம்போடு எழுந்தார். "வாங்கோ, முதல்ல தீர்த்தம்."

வாலிபர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தாயைப் பெஞ்சில் சாய்த்துப் படுக்க வைத்து, சொம்பை வாங்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து அவள் வாயில் தண்ணீரை விட்டார். அவள் தலையை அசைக்காமல் விழுங்கினாள். மிச்சத்தை அதே உயரத்திலிருந்து தாமும் குடித்தார். கன்னத்தில்கூட ஒரு சொட்டுப் படவில்லை. ஹாலாஸ்யம் ஐயர் என் பக்கம் திரும்பி, 'பார்த்தாயா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"பேர்?"

"சுந்தரம். எழுமலைப் பக்கம் போர்டு ஸ்கூல்ல வாத்தியாரு."

"உத்தியோகம் எழுமலை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கமா இருக்கும். சைவப் பிள்ளைவாள், அதானே? பார்த்தாலே தெரியறதே!"

"ஆத்தாவை மொதல்ல படுக்க வைக்கணுங்க" என்றார் சுந்தரம். அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எட்டாம் நம்பரைத் திறந்துவிட்டார் ஐயர்.

எட்டாம் நம்பர் எங்கள் அறைக்கு அடுத்தது. பலகைக்கு மேலிருந்த இடைவெளி வழியாக அவர்கள் கதை இரண்டு நாளில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தாய் மலையம்மாளுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. இன்னொரு கண்ணில் விழுந்த புரையைப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்திருந்தார்கள். அங்கே படுக்கை இல்லாததால் அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், தலையைத் திருப்பக்கூடாது, ஊருக்கு வண்டியிலோ பஸ்ஸிலோ குலுங்கிக்கொண்டு போனால் இந்தக் கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றுவிட்டு ஒரு நாள் கம்பவுண்டர் வந்து கட்டை மாற்றுவார்.

"மூக்கு அரிக்குதுடா."

"அசையாத. நான் சொறிஞ்சு விடுறேன். இங்கிட்டா?"

"அங்கிட்டு. ஏன்டா, அந்தத் தண்ணி குடுத்த மகராசன் எப்படிடா இருப்பாரு?"

"மனுசன் மாதிரித்தான் இருப்பாரு. பேசாம படு."

"வாசல்ல கால் வச்சதும் தண்ணியக் கையில குடுத்தாருல்ல. எவன்டா நமக்குக் குடுத்தான் அப்படி? கட்டை அவுத்ததும் மொதல்ல அவரு மொகத்தப் பாக்கணும்டா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

ஆறாம் நாள் காலை குழாயடியில் விஷயம் உடைந்தது. நாள்தோறும் வாழையிலைக் கட்டு கொண்டுவரும் நல்லகாமன் அன்று கட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"ஏலே, சின்னக்கருப்பா! நீ எங்கிட்டுடா இங்க? ஆத்தாவுக்குக் கண்ணு எம்புட்டுத் தெரியுது?"

"இன்னும் கட்டு அவுக்கலண்ணே" என்றார் சுந்தரம், குடத்தைக் கீழே வைத்துவிட்டு.

ஹாலாஸ்யம் ஐயர் கையில் காபி டம்ளரோடு பின்னால் நின்றிருந்தார். "யாரைச் சின்னக்கருப்பங்கறே?"

"இவனைத்தான் சாமி. எங்க ஊரு சேரி மலையம்மா மகன். பள்ளிக்கூடத்துல சேத்த வாத்தியாரு சுந்தரம்னு பேரை மாத்தி எழுதிட்டாரு. வாத்தியாருக்குப் படிச்சிட்டான்ல!" அவன் பெருமையாகத்தான் சொன்னான். ஐயரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை அடக்கினான்.

"வாயைத் திறக்காதே" என்றார் ஐயர் தணிந்த குரலில்.

"நான் எதுக்குச் சாமி திறக்கப் போறேன்? சொம்பு உங்களுது."

கால் மணி நேரத்தில் ஐயர் எட்டாம் நம்பர் வாசலில் நின்றார். நிலையைத் தாண்டவில்லை. நாளைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் வருகிறது, அறையைக் காலி செய்ய வேண்டும் என்று கிசுகிசுத்தார்.

"ஆறு நாள் சார். ஆறே நாள். இப்பக் குலுங்குனா கண்ணு போயிரும்."

"உம்மை நல்ல மனுஷர்னு நினைச்சேனே ஐயா!"

"நீங்க எதுவும் கேக்கலீங்களே. நீங்களே சொன்னீங்க, நீங்களே தலையாட்டிக்கிட்டீங்க."

ஐயர் அடுத்துக் கேட்டதை என் காதால் நம்ப முடியவில்லை. "அதெப்படி ஐயா அப்படிக் குடிச்சீர்?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு அதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

"எங்க ஊர்ல எங்களுக்கு யாரும் சொம்பைக் கையில குடுக்கமாட்டாங்க. மேலேருந்து ஊத்துவாங்க. சிந்துனா வசவு. ஆத்தாவுக்கு அது அம்பது வருசப் பழக்கம். எனக்கு இருபத்தாறு."

ஐயர் அன்றே அவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தினார். குழாயடிக்குச் சுந்தரம் வரக்கூடாது, அறைக்கும் யாரும் கொண்டுபோகக் கூடாது. தாகம் எடுத்தால் தாமாகவே போய்விடுவார்கள் என்று கணக்கு. சொம்பும் கையுமாக வாசலில் நின்றவருக்கு இது எப்படித் தோன்றியது என்று கேட்பதில் பொருளில்லை. அவருக்கு வேறெதுவும் தோன்றியிருக்காது.

என் அம்மா மடி பார்க்கிறவள். விஷயம் தெரிந்ததும் மறுபடி ஒரு முறை குளித்தாள். குளித்துவிட்டு வந்து, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, "ஸ்யாமளா, நம்ம குடத்தை அவா வாசல்ல வச்சுட்டு வா" என்றாள். "கண் ஆறட்டும். அப்புறம் பகவான் பார்த்துப்பார். குடத்தை அவாளே வச்சுக்கட்டும்." அவள் செய்தது பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் தன் தீட்டைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். கண் தெரியாத கிழவி அதற்காகத் தவிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நான் குடத்தை வைப்பதைப் பார்த்து ஐயர் ஓடிவந்தார். எனக்கு அதிகம் பேசி வழக்கமில்லை. "இவாளை ஏன் அனுப்பினேள்னு மத்தவா கேட்டா நான் உள்ளதைச் சொல்லிடுவேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அப்படியே நின்றார். மூன்றாம் நம்பரில் ஒரு வக்கீல் குமாஸ்தா. ஐந்தில் ஒரு சாஸ்திரிகள். பத்தில் கும்பகோணத்துக் குடும்பம். ஆறு நாளாக எல்லோரும் அதே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அனுப்பினால் விஷயம் வெளியே வரும், வைத்துக்கொண்டால் வராது. தர்மம், ஆசாரம், அம்மன் புறப்பட்டுப் போனது எல்லாம் அந்தக் கணக்கில் கரைந்துபோயின.

மறுநாள் காலை அவர் மற்றவர்களிடம் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "எட்டாம் நம்பர் பாட்டி ரொம்ப மடியாக்கும். நிழல் பட்டாலே ஸ்நானம். யாரும் கிட்டக்கப் போகாதீங்கோ, குழாயடியில அந்தப் பிள்ளைக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கோ."

எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். சாஸ்திரிகள் எட்டாம் நம்பரைத் தாண்டும்போது அங்கவஸ்திரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். குமாஸ்தா ஒரு நாள் என் அம்மாவிடம், "இந்தக் காலத்துல இப்படி ஆசாரம் பார்க்கறவாளும் இருக்காளே மாமி!" என்று உருகினார். அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ஐயர் பொய் சொல்லத் திறமையில்லாதவர் என்று சொல்லமுடியாது. அவருக்கு உலகத்தில் தெரிந்தது விலக்கி வைப்பது ஒன்றுதான். ஒருவரைத் தாழ்ந்தவரென்று விலக்கிவைக்க முடியாமல் போனதால், உயர்ந்தவரென்று விலக்கிவைத்தார்.

பன்னிரண்டாம் நாள் கம்பவுண்டர் கட்டை அவிழ்த்தார். பலகைக்கு இந்தப் பக்கம் நாங்கள் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"எத்தனை விரல்?"

"மூணு. நகத்துல அழுக்கு இருக்குய்யா."

கம்பவுண்டர் சிரித்தார். சுந்தரம் சிரித்தாரா அழுதாரா என்பது குரலிலிருந்து தெரியவில்லை.

புறப்படும்போது கிழவி மகன் கையை உதறிவிட்டுத் தானாகவே மேஜையருகே நடந்து போனாள். ஐயரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இம்புட்டு ஒல்லியாவா இருக்கீக? நல்லா இருக்கணும் சாமி. தண்ணி குடுத்த கை" என்று கும்பிட்டாள். அவர் இரண்டடி பின்வாங்கினார், நாற்காலி சாய்ந்தது. நிமிர்த்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அன்று எட்டாம் நம்பரைக் கழுவினார்கள். கறையான் என்று சொல்லப்பட்டது. சொம்பு நெருப்பில் காய்ந்து புது ஈயம் பூசிக்கொண்டு வந்தது. ஐயர் வைகைக்குப் போய்க் குளித்துப் பூணூல் மாற்றிக்கொண்டார். குடித்தவர்கள், குளித்தவர்கள் யாருக்கும் எந்தப் பரிகாரமும் சொல்லப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் அவரை உண்மையில் பிடித்தது. வாசலில் எழுமலை வண்டி எது நின்றாலும் முகம் வெளுக்கும். நல்லகாமனுக்கு முதல் காபி அவர் கையாலேயே போயிற்று. வந்தவர் போனவர் தொண்டையையெல்லாம் சோதித்தவருடைய பெயர் இப்போது எழுமலையில் ஒரு வாத்தியாரின் வாயில் இருந்தது. அந்த வாத்தியாரோ அதைப்பற்றி நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

எங்கள் வீடு காலியான அன்று, ஜட்கா வந்து நிற்கும்போது, ஐயர் ஏழாம் நம்பர் வாசலுக்கு வந்தார். அம்மா வண்டிக்குப் போகட்டும் என்று காத்திருந்தார். மடியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"அம்மா, நீங்களும் வாத்தியார், அவரும் வாத்தியார். ரெண்டு வரி போடுங்கோ. இங்கே தங்கினதா அவர் எங்கேயும் சொல்லப்படாதுன்னு, கெஞ்சிக் கேட்டுண்டதா எழுதுங்கோ."

"கவர்ல போடலாமே" என்றேன்.

"கவர்னா ஏதோ ரகசியம்னு பிரிச்சுப் பார்த்துடுவான். கார்டையும் எழுமலைத் தபால்காரன் படிக்காம கொடுக்கமாட்டான். அதனால இங்கிலீஷ்ல எழுதிடுங்கோ." நடையில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "கீழே என் பேர் வேண்டாம் அம்மா. உங்க பேரைப் போட்டுடுங்கோ."