இரண்டாவது மாலை

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு மேல் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் வாடகைக்கு இருந்தார். எனக்கு அவர் அன்ரி. மூன்று நேரமும் சோறு சாப்பிடுகிற ஆள் என்பதாலேயே அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடிக்காதது ஒன்றே ஒன்று: அவருடைய மேசையில் இருந்த படம். அதில் அன்ரியின் தம்பி இராணுவ உடுப்போடு சிரித்துக்கொண்டிருந்தார். ஊரில் எங்கள் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தவர்களும் அப்படித்தான் உடுத்தியிருந்தார்களாம்.

"எங்கட வீட்டிலயே ஆமிக்காரனுக்கு மெழுகுதிரி எரியுது," என்று அம்மா புறுபுறுப்பார். அப்பா பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

நவம்பர் தொடக்கத்தில் அன்ரியின் ஆட்கள் இறந்தவர்களை நினைக்கும் நாள் வரும். அவர்களுடைய நாட்டின் தெற்குத் தீவொன்றில் நடந்த சண்டையில் செத்துப்போன தம்பிக்கு அன்று வெள்ளைப் பூமாலை போடவேண்டும். லண்டன் குளிரில் அந்தப் பூவுக்கு எங்கே போவது? மெல்லிய ரிஷ்யூ பேப்பரில் பூச்செய்து நூலில் கோத்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. கோப்பது என் பொறுப்பு என்றதும் தலைகால் புரியவில்லை. அன்ரியின் மாலை முடிந்த பிறகும் விடாமல் இன்னொன்று கோத்தேன்.

கீழே, வரவேற்பறைச் சுவரில், மாமாவின் படம் இருந்தது. அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய கடிதம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. மேலே இருக்கிற தம்பிக்கு மாலை, கீழே இருக்கிற தம்பிக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம்? கதிரையில் ஏறி மாமாவுக்கு மாலையைப் போட்டுவிட்டு, அம்மாவின் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

உயிரோடு இருப்பவரின் படத்துக்கு எங்கள் ஆட்கள் மாலை போடுவதில்லை. அதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கடையிலிருந்து வந்த அம்மாவின் கையிலிருந்து பை விழுந்தது. "ஆரடி இதைப் போட்டது?" முதுகில் ஓர் அடி விழுந்தது. ஆனால் மாலையைக் கழற்ற அம்மாவுக்குக் கை வரவில்லை. "அவன் இருக்கிறான், அவன் இருக்கிறான்," என்று நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு அன்ரி ஓடி வந்தார். நான் விக்கி விக்கி ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் மாலையைப் பூப்போலக் கழற்றினார். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகப் பேசினார். தம்பியின் உடல் வீட்டுக்கு வரவேயில்லையாம். ஏழு வருடம் அவர்களுடைய தாய் அந்தப் படத்துக்கு ஒரு பூக்கூட வைக்க விடவில்லையாம். சாப்பாட்டு நேரத்தில் தினமும் அவனுக்கும் ஒரு கோப்பையில் சோறு வைப்பாராம்.

அம்மா எழுந்து அன்ரியின் பின்னால் மேலே போனார். முதல் தடவையாக அந்த மேசைக்கு முன்னால் நின்றார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பாவம், சின்னப் பெடியன்," என்றார். சரிந்திருந்த மாலையை நேராக்கிவிட்டார்.

மூன்று வருடம் கழித்து அன்ரி விம்பிள்டனுக்கு மாறிப் போனார். போகும்போது அம்மாவின் கையில் ஒரு தகர பிஸ்கட் ரின்னைக் கொடுத்தார். உள்ளே, மடிப்புக் கலையாமல், நான் கோத்த அந்த இரண்டாவது மாலை இருந்தது. அம்மா அதைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

மாமாவிடமிருந்து அதுவரையும் கடிதம் வரவில்லை. அவருடைய படத்துக்கு அம்மா அதைப் போடவுமில்லை, எறியவுமில்லை. பழைய பேப்பர்ப் பூவுக்கு இவ்வளவு இடமா என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.