அண்ணா என்று கூப்பிடாதவள்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ஓர் ஆணோடு நின்று பேச வேண்டுமென்றால், முதலில் அவனை அண்ணனாக்கிவிட வேண்டும். லிஃப்ட் இயக்குபவர் அண்ணன், மருந்துக் கடைக்காரர் அண்ணன், எங்களைவிடப் பத்து வயது சின்னவனான வாட்ச்மேனும் அண்ணன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மரியபுஷ்பம் மட்டும் ஆம்புலன்ஸ் டிரைவர் பாலனைப் பாலன் என்றே கூப்பிட்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவளும் நானும் பொது வார்டில் நர்ஸ்கள். கணவர் இறந்தபின் தனி ஆளாக நின்று மகளைப் படிக்க வைத்து, பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பியவள் அவள். முட்டி வலியோடு நைட் டூட்டி பார்க்கிறவள். வார்டு இன்சார்ஜ் பதவி காலியானபோது, அது அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இன்சார்ஜுக்கு நைட் டூட்டி கிடையாது. அதற்காகவே அவள் ஆசைப்பட்டாள், அதை மறைக்கவும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, தேவராஜ மார்க்கெட்டில் அவளும் பாலனும் அவரைக்காய் வாங்குவதை ஆயா மல்லம்மா பார்த்துத் தொலைத்தாள். பேச்சு முதல் மாடி ஏறுவதற்குள் அவரைக்காய் மல்லிகைப்பூவாகிவிட்டது. ஐ.சி.யூ.வுக்குப் போய்ச் சேரும்போது கல்யாண மோதிரம். நோயாளி கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கெல்லாம் இதைப் பேச நேரமிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேட்ரன் நிர்மலா மேடம் அவளை வார்டிலேயே ஓரமாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"மரியா, ஸும்னே, சும்மா எதுக்கு இந்தப் பேச்சு? நாளைக்கு எல்லாரும் இருக்கறப்ப அவர ஒரு தடவ அண்ணான்னு கூப்பிட்டுடு. விஷயம் முடிஞ்சுது. உன் பேர நானே மேல அனுப்பறேன்."

"அவர் என் அண்ணன் இல்லையே மேடம்."

"இங்க யாரு நிஜமா அண்ணன்? ஒரு வார்த்தைதானேம்மா."

"வார்டுல அத்தன பேஷண்டும் என்ன சிஸ்டர்னுதான் கூப்பிடறாங்க மேடம். ஒருத்தரும் கிறிஸ்மஸுக்குச் சேலை எடுத்துக் குடுக்கல."

மேடம் சிரிக்கவில்லை. அவர் போனதும் நான் அவள் கையைப் பிடித்தேன்.

"சொல்லித் தொலச்சுடேன்டி. உன் முட்டிய நெனச்சுப் பாரு."

"முட்டி வலிக்குதுன்னு மண்டி போடச் சொல்றியா?" என்றாள்.

மறுநாள் மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம். போகிறவர்களும் வருகிறவர்களும் ஒவ்வொரு படுக்கையாக நின்று நோயாளியின் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைப்பது வழக்கம். அன்றைக்கு வார்டில் வேலையே இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். மல்லம்மா துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் படுக்கைக்காரரை ஸ்கேனுக்கு அழைத்துப்போகப் பாலன் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்.

"மரியா, அண்ணன்கிட்ட பேப்பரக் குடு," என்று மேடம் அடியெடுத்துக் கொடுத்தார்.

மரியபுஷ்பம் பேப்பரை நீட்டினாள். "பாலன், இவருக்கு ஆக்சிஜன் போயிட்டிருக்கு, மெதுவா ஓட்டுங்க. அப்புறம், நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் மார்க்கெட் போகணும். பைக்க பின்சந்துல நிறுத்தாதீங்க. முன்கேட்லயே நிறுத்துங்க."

பாலன் ஹனூர்ப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவர் பிழைப்பும் இந்த ஆஸ்பத்திரியில்தான். மேட்ரனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இந்த மனுஷன் இப்போது பயந்துபோய் அக்கா என்று சொல்லிவிட்டால், பதவியும் போய், மானமும் போய் அவள் தனியாக நிற்பாளே.

"சரிங்க, மரியபுஷ்பம்," என்றார். அதுவரை அவளை சிஸ்டர் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

ஸ்ட்ரெச்சர் போனபின் மேடம் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போனேன்.

"இன்சார்ஜுக்கு நம்ம ஜூனியர் மனிஷா பேர அனுப்பிடறேன்."

"அனுப்புங்க மேடம். நல்ல பொண்ணு. நைட் டூட்டி நான் பாத்துக்கறேன்." குரல் லேசாக உடைந்தது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

மேடத்துக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "இவ்வளவு பண்றியே, அவர் உனக்கு யாருன்னாவது சொல்லு," என்றார்.

"அது எனக்கே இன்னும் தெரியல மேடம். தெரிஞ்சதும் மொதல்ல அவர்கிட்டதான் சொல்லுவேன்."