பெஞ்சில் கொடுத்த பத்திரிகை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நகர நடுவில் இருக்கிற பூங்காவுக்குப் போயிருந்தேன். பாட்டுக் கச்சேரி, அனுமதி இலவசம் என்று மகன் போனில் அனுப்பியிருந்தான். இலவசம் என்றால் நம் கால் தானாக நடக்குமே. உள்ளே நுழைந்ததும் ஒரு யானை நின்றது. பழைய மோட்டார் பம்பு சாமான்களை வெல்டிங் வைத்துச் செய்த யானை. பிள்ளைகள் தும்பிக்கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கிழவன் மாதிரி (கிழவன்தான், ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை) கிட்டே போய் அதன் காதைத் தடவிப் பார்த்தேன். காதாக வைத்திருந்தது இம்பெல்லர். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஆறு வருடம் அதைத்தான் கடைந்துகொண்டிருந்தேன்.

விரலை மோந்து பார்த்தேன். பெயிண்ட் வாசம்தான். ஆனாலும் மூக்குக்கு ஞாபகம் அதிகம். வார்ப்பிரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த அந்தப் பழைய வாடை எங்கிருந்தோ வந்தது. அது வந்தால் பாக்கியநாதனும் கூடவே வந்துவிடுவார்.

பக்கத்து லேத்தில் நின்றவர் அவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு வார்ப்பைக் கெடுத்துவிட்டு முழித்தபோது, "கெட்டா கெட்டுப்போகுது, உடுங்க. கையி தப்பிச்சுதுல்லீங்க" என்றார். அன்றிலிருந்து சினேகிதம். இரண்டு பேரும் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். அது எங்கள் பக்கத்து வாய்ப்பழக்கம். அதில் மரியாதை எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை.

ஞாயிறு சாயங்காலம் இதே பூங்காவில்தான் சந்திப்போம். அப்போது இருந்தவை சிமெண்டு பொம்மைகள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று இருந்தது. செய்தவருக்குக் கழுத்துக்கு வரும்போது சிமெண்டு தீர்ந்துபோயிருக்க வேண்டும், கழுதையைவிடக் கொஞ்சம்தான் உயரம். அதன் பக்கத்து பெஞ்சு எங்களுடையது. மேடையில் ஒரு வாரம் நாதஸ்வரம், ஒரு வாரம் பட்டிமன்றம். இல்லற இன்பத்துக்குக் காரணம் கணவனா மனைவியா என்று மேடையில் முழங்குவார்கள். கல்யாணமே ஆகாத நாங்கள் இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வோம். ஒரே காகிதத்தில் மசால் பொரி. கடைசிக் கைப்பிடியை எனக்குத் தள்ளிவிடுவார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூங்காவில் ஒரே காகிதத்தில் தின்ற எனக்கு அவர் வீட்டு வாசல் தெரியாது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். அவருடைய சாதிக்காரர்கள் அங்கே வேலைக்கு வருவார்கள், எங்கள் வாசலுக்கு வெளியே நின்று தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். அவர் அப்பா காலத்திலேயே சர்ச்சுக்குப் போகிற குடும்பம், படித்த குடும்பம். எங்கள் வீட்டுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்கிற முறை உங்களுக்கும் தெரியும். வீடு தேடிப் போக வேண்டும், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நீட்ட வேண்டும், கொடுத்த தண்ணீரையாவது குடித்துவிட்டு வர வேண்டும். வழியில் பார்த்து நீட்டினால் கூப்பிடாததற்குச் சமம். நான் உற்சாகத்தில் பாக்கியநாதனிடம், "ஞாயித்துக்கெழம மத்தியானம் அப்பாவக் கூட்டிட்டு ஊட்டுக்கு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் லேத்தை நிறுத்தினார். "அம்மாகிட்டச் சொல்லிப்போடறனுங்க" என்றார்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அங்கெல்லாம் ஊட்டுக்குப் போகோணுமா கண்ணு? கையில குடுத்துப்போட்டு வந்துரு" என்றார், ரொம்பச் சாதாரணமாக. சண்டை போட்டிருக்கலாம். சண்டைகூட வேண்டாம், நான் தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. ஞாயிறு மத்தியானம் வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் பூங்காவுக்குப் போனேன்.

அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்து உட்கார்ந்தார். துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மத்தியானத்துக்குப் போட்ட சட்டை என்று பார்த்ததும் தெரிந்தது. நான் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டி, "அலைச்சல்ல வர முடியலீங்க" என்றேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அதனால என்னங்க, நம்மளுக்குள்ள என்ன" என்றார். அன்றைக்கும் மசால் பொரி வாங்கினோம். கடைசிக் கைப்பிடி காகிதத்திலேயே கிடந்தது.

கல்யாணத்துக்கு வந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார். பந்திக்குக் கூப்பிட்டால், "வவுறு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்கு வரவில்லை. கம்பெனியில் மட்டும் அதே வாங்க, அதே போங்க. ஒரு சுடுசொல் கிடையாது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அந்த மரியாதையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. நான் வேறு வேலைக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே சம்பளத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. இரண்டாவதை எடுத்துக்கொண்டு, தட்டோடு, மனைவியோடு சிங்காநல்லூர்ப் பக்கம் அவர் இருந்த தெருவை விசாரித்துக்கொண்டு போனேன். முப்பத்தைந்து வருடம் கழித்து. அவர் வீடு என்று காட்டிய இடத்தில் ஒரு குடோன், ஷட்டர் இறக்கியிருந்தது. எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தார். வயதானவர். விசாரித்தேன்.

"பாக்கியநாதனுங்களா? அவரு தவறிப் போயி ரெண்டு வருசமாச்சுங்க. பொண்ணு பெங்களூர்ல. நீங்க ஆருங்க?"

பம்பு கம்பெனியில் கூட வேலை பார்த்தவன் என்றேன். அந்த அம்மா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"பத்திரிக வெக்க வாரேன்னு சொன்னவரு நீங்கதானுங்களா? அவங்கம்மா எங்க ஊட்டு நாற்காலி ரெண்டையும் வாங்கிட்டுப் போயிப் போட்டு வெச்சிருந்தாங்க. பொழுது உழுகற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க."

மனைவிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, நான் சொன்னதே இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார் அந்த அம்மா. போனோம். சொம்பில் கொடுத்தார். குடித்தேன். அவர் பெயர் எழுதிய பத்திரிகையை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல், தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.