ஓடுதளத்தின் மேல் போட்ட பந்தல்

மூத்தோர் தடகளத்தில் யாரும் வயதை மறைப்பதில்லை. ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு என்பதால், எழுபத்தைந்தில் கால் வைப்பவர் தன் பிரிவிலேயே இளையவராகிவிடுவார். அந்தப் பிறந்தநாளுக்கு ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். எங்கள் மலை மாவட்டச் சங்கத்தில் அப்படிக் காத்திருந்தவர்களில் முக்கியமானவர் ஊட்டிக்கு அப்பால் பிக்கட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மா. இலங்கையிலிருந்து இளம் வயதில் கப்பலேறி வந்தவர். வேகநடைதான் அவருடைய போட்டி. ஓடக் கூடாது, எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். தேசிய அளவில் அவரைத் தோற்கடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

உலகப் போட்டிக்கு இரண்டு முறை தேர்வானார். இரண்டு முறையும் விசா மறுக்கப்பட்டது.

"திரும்பி வர்றதுக்கு ஒங்களுக்கு இங்க என்னா இருக்குன்னு கேட்டாங்கய்யா. தோட்டத்து லயத்துல வீடு இருக்குன்னேன். அது ஒங்க பேர்ல இருக்கான்னாங்க. தோட்டம் குடுத்ததுதானே, எம் பேர்ல எப்பிடி இருக்கும்?"

இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு அக்டோபர் ஞாயிறு, வடகிழக்குப் பருவமழை அன்றுதான் தொடங்கியது, சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்து நின்றார். ஊட்டி பெர்ன்ஹில்லில் அவருக்கு ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டக்காரர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். ஆண்டுதோறும் பாதி தூரத்தில் தொடை பிடித்துக்கொள்ளும்.

"ஏனுங்க, எத்தன நாளைக்கு நாம வெளியூரு போயே ஓடறது? உலகப் போட்டிய நம்மூருக்கே கொண்டு வந்தர்லாமுங்க. விண்ணப்பம் போட்டாச்சுங்க."

கைதட்டல் எழுந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மா என் பக்கம் குனிந்து கேட்டார்.

"இங்கயே நடந்தா எனக்கு விசா வேணாந்தானேங்கய்யா?"

"வேண்டாம்மா."

"எனக்கு எழுவத்தஞ்சு ஆவுற வருசம்தானே அது?"

ஆமாம் என்றேன். அவரும் கைதட்டினார். அந்தக் கூட்டத்தில் ஒரு காரணத்தோடு கைதட்டியவர் அவர் ஒருவர்தான்.

இப்போட்டிகளுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் லட்சணத்தைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். மூத்த வீரர்கள் சொந்தச் செலவில் வருகிறார்கள், மனைவியையோ கணவரையோ கூட்டி வருகிறார்கள், பந்தயம் முடிந்தும் ஊர் சுற்றுகிறார்கள். எனவே விண்ணப்பிக்கும் நகரங்கள் தேடுவது வீரர்களை அல்ல, காலி அறைகளுக்கு ஆட்களை. வாக்களிக்கும் பிரதிநிதிகளுக்குக் காட்டப்படும் படத்தில் கடல் வரும், கோட்டை வரும், மீன் வறுவல் வரும். குண்டெறியும் வட்டம் வராது. வெளிநாட்டு நகரங்கள் இதை ஓரளவு வெட்கத்தோடு செய்கின்றன. எங்கள் செயலாளருக்கு அதுவும் கிடையாது. போட்டிக்கு அவர் முன்மொழிந்த மாதம் ஜூலை.

ஜூலையில் ஊட்டி எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். மஞ்சூர், பிக்கட்டிப் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். காற்றில் குடை பிடித்தால் கையில் கம்பி மட்டும் மிஞ்சும். நான் ஆட்சேபித்தேன்.

"சார், மே மாசம் ரூமே கெடைக்காதுங்க. ஜூலைலதான் எல்லா லாட்ஜும் காலியா கெடக்குதுங்க. கொஞ்சம் பிராக்டிகலா யோசிங்க."

"மழையில் கோலூன்றித் தாண்டுகிறவர் எங்கே போய் விழுவார்?"

"நம்ம மழை என்னங்க மழை, சும்மா சாரல்."

ஆட்சேபம் பதிவாகவில்லை.

உலகச் சங்கத்தின் பார்வைக் குழு மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருந்தது. மலைகூட அன்றைக்குச் செயலாளர் கட்சியில் சேர்ந்துவிட்டது. வந்தவர்கள் இரண்டு பேர். நெட்டையான ஒருவர், ஒரு மருத்துவப் பெண்மணி. அவர்களை வரவேற்க விளையாட்டரங்கில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலைப் போட்ட இடம்தான் இந்தச் சங்கத்தின் மூளைக்குச் சான்று. புல்தரையில் போட்டால் பின்னால் மலை தெரியாதாம், சுவர்தான் தெரியுமாம். படத்துக்கு மலை வேண்டும். ஆகவே முடிவுக் கோடு இருக்கும் நேர்ப்பாதையில், சிந்தெடிக் தளத்தின் மேலேயே போட்டுவிட்டார்கள். காற்றுக்குப் பந்தல் பறந்துவிடாமல் இரும்பு முளைகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கியிருந்தார்கள். மேலே பச்சைக் கம்பளம்.

அம்மா முதல் பேருந்தில் வந்திருந்தார். நடந்து காட்டச் சொல்வார்கள் என்று எண்ணி ஷூ, டிராக் பேன்ட், தேசியப் போட்டியில் கொடுத்த பனியன் எல்லாம் போட்டிருந்தார். செயலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா இது கோலம்? சேல கட்டீட்டு வரச் சொன்னனல்ல? அந்தக் கூடைய மாட்டிக்கங்க. வர்றவங்களுக்குப் பூங்கொத்து குடுத்துட்டு ஓரமா நில்லுங்க."

"நான் நடக்கத்தான் வந்தேங்க."

"நடக்கலாம், நடக்கலாம். மொதல்ல போட்டி நம்மூருக்குக் கெடைக்கட்டும்."

வாடகைக்கு எடுத்த கூடை அது. உள்ளே கொழுந்துக்குப் பதில் பூங்காவில் வெட்டிப் போட்ட வேலித் தழை. ஒரு சேலையும் தயாராக இருந்தது. பனியனுக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் கூடையின் பட்டையை மாட்டி, அந்த அம்மா நின்றார். ஒருவேளை போட்டி கிடைத்துவிடுமே என்பதற்காக நின்றார். நெட்டையானவர் அவரோடு படம் எடுத்துக்கொண்டு, இவர் யார் என்று கேட்டார். செயலாளர் என்னை முந்திக்கொண்டார். பாரம்பரியத் தேயிலைத் தொழிலாளி என்றார் ஆங்கிலத்தில். எழுபதுக்கு மேற்பட்டோர் பிரிவில் நாட்டின் முதல் வேகநடை வீராங்கனை என்று நான் சொல்வதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

பொன்னாடை, படுகர் நடனம், தேநீர், வர்க்கி எல்லாம் ஆயிற்று. நெட்டையானவர் நல்ல மனிதர். கடைசியில் அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும், ஓடுதளம் எங்கே என்று விசாரித்தார்.

நீங்கள் அதன் மேல்தான் நிற்கிறீர்கள் என்றேன்.

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். கம்பளத்தின் விளிம்பைத் தூக்கினார். முளை ஒன்று சிவப்புத் தளத்துக்குள் கழுத்துவரை இறங்கியிருந்தது. கம்பளத்தை மெதுவாகப் போட்டுவிட்டு, மலையைப் பார்த்து மிக அழகு என்றார். மருத்துவப் பெண்மணி மட்டும், இவ்வளவு உயரத்தில் எண்பது வயதுக்காரர்கள் பத்தாயிரம் மீட்டர் ஓடினால் மூச்சு என்னாகும் என்று கேட்டார். இங்கே காற்று சுத்தமானது என்று பதில் வந்தது. அதையும் அவர் எழுதிக்கொண்டார். பிறகு பெர்ன்ஹில்லில் மதிய விருந்து, மாலையில் மலை ரயில். விளையாட்டரங்கில் இருந்த நேரத்தைவிட விருந்துக்கு ஆன நேரம் அதிகம்.

வாக்கெடுப்பு அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிநாட்டில் நடந்தது. தலைவரும் செயலாளரும் மனைவியரோடு போனார்கள். அவர்கள் எல்லோருக்கும் விசா கிடைத்தது. போட்டி கிடைக்கவில்லை. ஒரு கடற்கரை நகரம் வென்றது. அங்கேயும் ஓடுதளத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அவர்களுடைய கடல், எங்கள் மலையைவிட நன்றாகப் படத்தில் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

செப்டம்பரில், முதல் ஞாயிற்றுக்கிழமை, கூட்டம். செயலாளர் சுவரில் படங்களைக் காட்டினார். படகில் அவர், ஐஸ்கிரீமோடு தலைவர்.

"ரெண்டாவது எடத்துல வந்தோமுங்க. சாதாரண விசயம் இல்லீங்க."

"மொத்தம் எத்தனை ஊர் போட்டியிட்டது?" என்றேன்.

"ரெண்டுங்க."

பின்வரிசையில் யாரோ புரையேறி இருமினார்கள். அம்மா எழுந்தார். அந்தச் சங்கத்தில் அவர் எழுந்து பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"போட்டி போனா போவுதுங்க. கேட்டத் தொறக்கச் சொல்லுங்க."

"எந்த கேட்டுங்கம்மா?"

"கிரவுண்டு கேட்டு. நீங்க மொள அடிச்ச ஓட்ட வழியா மழத் தண்ணி எறங்கி அடியில ஊறிப்போச்சு. தோச மாதிரி உப்பிக் கெடக்கு. ரிப்பேருன்னு பூட்டிட்டாங்க. ரெண்டு மாசமா நான் பஸ்சு போற ரோட்டுல நடக்குறேன். டிசம்பர்ல ஸ்டேட்டு மீட்டு இருக்குதானே?"

"அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்லீங்களே."

"ஆசிய மீட்டு மட்டும் இருக்கா?"

இருந்தது. ஆசியப் போட்டிக்கு விண்ணப்பிப்பது குறித்து என்று அஜெண்டாவின் இரண்டாவது வரியிலேயே இருந்தது. இடம் ஊட்டி, மாதம் ஜூலை. பூட்டிய கேட்டுக்குள், உப்பிய தளத்தில், அடைமழையில் ஒரு கண்டத்தையே ஓடவிடத் தீர்மானம் வந்தது. கைகள் உயர்ந்தன. நான் தூக்கவில்லை. அம்மா தூக்கவில்லை.

"அப்ப ஏகமனதா நிறைவேறுதுங்க" என்றார் செயலாளர்.

"என் கையைப் பார்த்தீர்களா?" என்றேன்.

"நீங்க எப்பவுமே இப்படித்தானுங்களே சார். எழுதிக்கிறேன், உக்காருங்க."

போண்டா வந்துகொண்டிருந்தது. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் எழுந்தேன். மேஜைகளைச் சுற்றிக்கொண்டு, காலை நீட்டியிருந்த பொருளாளரைத் தாண்டி வெளியே வருவதற்குள் அம்மா சாலையின் வளைவுக்கே போய்விட்டார். தூறலில் லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரிக்கும் அவர் சாக்கடை ஓரமாக ஒதுங்கினார், வேகம் மட்டும் குறையவில்லை. இடுப்பு அசைய, முழங்கால் நீள, பாதம் தரையை விடாமல் போய்க்கொண்டிருந்தார்.

கூப்பிட்டேன். காதில் விழவில்லை. கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். நடக்கிறவரை ஓடியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.