சின்ன லிவர்

துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் அவள் ஒன்றைத்தான் சொன்னாள்.

"போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாருங்க."

வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நாத்தனார் மட்டும் நம்பவில்லை. வெற்றுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு, எந்தம்பியா? கையையா பிடிச்சான்? நல்லா ஞாபகம் இருக்காம்மா உனக்கு?"

"இருக்கு அண்ணி."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் ஒருத்தி உரசிப் பார்க்கிறாளே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

பள்ளத்துக் குடியிருப்பில் அவள் கணவருக்குப் பட்டப்பெயர் 'கிளட்ச்'. முப்பது வருஷப் பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு சிமெண்ட், காஸ் சிலிண்டர், ஆட்கள் என்று எல்லாவற்றையும் செம்மண் மேட்டு வழியாக மெயின் ரோட்டுக்கும் பள்ளத்துக்குமாக ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. மற்ற ஜீப்காரர்கள் வருஷத்துக்கொரு தரம் கிளட்ச் பிளேட் மாற்றினார்கள். இவர் பதினோரு வருஷமாக மாற்றவில்லை. "அந்த ஆளு கிளட்ச்சைத்தான் கட்டிக்கிட்டாரு, அந்தம்மா சும்மா துணைக்கு வந்துச்சு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். கோபமே வராது, பெருமையாக இருக்கும்.

திங்கட்கிழமை தவறாமல் பெடலை விரலால் அழுத்திப் பார்ப்பார். ஒரு விரல்கடை அளவு சும்மா இறங்கி, அதற்குப் பிறகுதான் இறுக வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வண்டிக்கு அடியில் படுத்து, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரால் திருகிச் சரிசெய்வார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்த்தவரில்லை.

ஒரு தடவை அவருக்குக் கணுக்கால் பிசகி ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். குடோனிலிருந்து வீடுவரை, சமதரையில் மட்டும் ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். பக்கத்து சீட்டில் அதே ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பார். கியர் மாற்றிய பிறகும் அவள் கால் பெடல் மேல் ஒரு நொடி தங்கினால் முழங்காலில் விழும்.

"காலை எடு! அது என்ன உங்கப்பன் வீட்டு முக்காலியா, காலைத் தூக்கி வச்சுக்க?"

"வலிக்குதுங்க."

"பிளேட்டுக்கு வலிக்கலையா? அரைக்கால்ல வச்சா உள்ள தேயுது. மிதி, மாத்து, எடு. அவ்வளவுதான்."

மாதக் கடைசியில் அவள் கால் பழகிவிட்டது. மிதித்த மறுகணம் சூடுபட்டதுபோல் எகிறும். முழங்காலில் கன்றிய தடம் மட்டும் போகவில்லை.

பெரிய கியருக்குப் பக்கத்தில் சின்ன லிவர் ஒன்று உண்டு. மேட்டடிக்கு வந்ததும் அவர் வண்டியை நிறுத்தி அதைத் தள்ளிவிட்டுத்தான் ஏறுவார். எதற்கென்று தெரியாமல் அவள் ஒருநாள் காய்ந்த தார் ரோட்டில் அதைத் தொட்டுவிட்டாள்.

"அதுல கை வச்சே, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்! உள்ள பல்லெல்லாம் போயிரும்."

அதன்பிறகு துடைக்கும்போதுகூட அந்த லிவரை விட்டுவிட்டே துடைப்பாள்.

அன்று காலையிலிருந்து தூறல். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரன் போனில், மழையில் பள்ளத்துக்குள் இறங்கினால் வண்டி திரும்ப ஏறாது, மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றான். பக்கத்து வீட்டுக்காரியும் அவளுமாக அவரைத் தூக்கி முன்சீட்டில் சாய்த்தார்கள். ஓட்ட ஆளில்லை, ஆண்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். அவளே ஏறி உட்கார்ந்தாள்.

கீழேயிருந்து வேகமாக வந்ததால் முதல் கியரில் வண்டி பாதி மேடு ஏறிவிட்டது. அவளுக்கே ஆச்சரியம். வளைவில் எதிரே தண்ணி லாரி இறங்கி வந்தது. ஒதுங்கி நிறுத்தினாள். லாரிக்காரன் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு வண்டி கிளம்பவில்லை.

மிதித்தாள், கியர் போட்டாள், காலை எடுத்தாள். ஒரு குலுக்கு, என்ஜின் செத்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி செத்தது. பெடலில் காலைக் கொஞ்சம் தாமதிக்கவிட்டு மெல்ல விட்டால் ஏறும் என்று புத்திக்குத் தெரிந்தது. கால் கேட்கவில்லை. பக்கத்தில் ஸ்பேனர் இல்லை, இருந்தும் முழங்கால் கூசியது. நாலாவது, ஐந்தாவது. ஸ்டார்ட்டர் சத்தம் இழுக்கத் தொடங்கியது.

"என்னங்க, ஏறமாட்டேங்குதே. என்ன செய்யட்டும், சொல்லுங்க!"

அவர் கண்ணைத் திறந்தார். உதடு வறண்டு ஒட்டியிருந்தது.

"காலை... எடு."

சாகப்போகிற நேரத்திலும் இதுதானா என்று அவளுக்கு அழுகை பொங்கியது. அப்போதுதான் அவர் வலது கை மடியிலிருந்து எழுந்தது. மெல்ல இருவருக்கும் நடுவே நீண்டு வந்தது. அவள் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள். கை இழுத்தது, திமிறியது. வலியில் துடிக்கிறார் என்று இன்னும் இறுக்கித் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நான் இருக்கேங்க, நான் இருக்கேன்" என்றாள். அவர் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு பார்வை நின்றுவிட்டது. அரைமணி கழித்து ரோடு போடுகிறவர்கள் வந்து பார்த்தபோதும் அவள் கையை விடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஜீப்பை விற்றுவிடுவது என்று முடிவானது. இழுத்துப் போயிருந்த ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டைத் துணியால் துடைத்து அவளிடம் நீட்டினான்.

"பாருங்கக்கா. பதினோரு வருஷம் ஓடின பிளேட்டுன்னு சொன்னா எவன் நம்புவான்? இன்னும் அஞ்சு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு ஓடும். மனுஷன் மனுஷன்தான்."

அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

"அன்னிக்கு ஏன் தம்பி ஏறல?"

"சின்ன லிவரைப் போடலையே நீங்க. வண்டி வந்தப்ப பார்த்தேன், சும்மா கிடந்துச்சு. ஈர மேட்டுக்கு அதுதானேக்கா. ஒரு தள்ளு தள்ளிட்டா நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கும். அப்புறம் காலைச் சட்டுன்னு எடுத்தாலும் ஆஃப் ஆகாது, நத்தை மாதிரி ஏறிடும். அவர் பிளேட்டைக் காப்பாத்துனதே அப்படித்தான். பக்கத்துலதானே இருந்தாரு, சொல்லலையா?"

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவே, அவர் கை வந்து நின்ற அதே இடத்தில், தேய்ந்த குமிழோடு சின்ன லிவர் நின்றுகொண்டிருந்தது.

"சொன்னாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். குரல் இளகியிருந்தது.

"எங்ககிட்ட எல்லாம் ஒருநாள் ஒட்டாம இருந்தவன்மா. அன்னிக்கு உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மனசுல வச்சுக்காத. நெசமாவே கையைப் பிடிச்சானா?"

அவள் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணி. விடவே இல்ல."