தண்ணீர் கேட்ட பேய்

நான் ஐந்தாவது படித்த வருடம், எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் சாலையில் புதிதாகத் திறந்திருந்த தீம் பார்க்குக்குப் போய்வந்தவர்கள் ஒரு கட்சி, போகாதவர்கள் இன்னொரு கட்சி. போய்வந்தவர்கள் பேசும்போது நாங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், நடுவில் சந்தேகம் கேட்கக் கூடாது. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. எனக்குச் சந்தேகங்கள் மட்டும்தான் இருந்தன.

அவர்கள் சொன்னவற்றில் ராட்டினமும் சறுக்கு மரமும் எனக்குப் புரிந்துவிட்டன. புரியாதது பேய்க் குகை. சின்ன ரயில் ஒன்றில் உட்கார வைத்து இருட்டுக்குள் அனுப்புவார்களாம். மண்டை ஓடு ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே வருமாம், யாரோ கன்னத்தைத் தடவுவார்களாம், ஒரு பெண் பேய் அழுமாம். ரயில் வருவது மண்டை ஓட்டுக்கு எப்படித் தெரியும்? யாரும் வராதபோதும் அந்தப் பேய் அழுதுகொண்டுதான் இருக்குமா? இதையெல்லாம் போய்வந்தவர்களிடம் கேட்டால், "போய்ப் பாரு, தெரியும்" என்றார்கள்.

அம்பத்தூரில் எங்கள் தெருவிலேயே இருந்த ஸ்டெல்லாவும் பாபுவும் என் கட்சி. இது பற்றி எங்களுக்குள் ஒரே சண்டை. உள்ளே ஆள் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இருப்பதுபோல ஷிப்ட் உண்டு என்றாள் ஸ்டெல்லா. அவளுடைய அப்பா அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்தார், அதனால் உலகத்தில் எல்லாமே ஷிப்டில் நடப்பதாக அவள் நினைத்தாள். பாபு அதெல்லாம் இல்லை, அது அசல் எலும்புக்கூடு, ஆஸ்பத்திரியில் இருந்து வாங்கிவந்தது என்றான். நான் இரண்டையும் நம்பவில்லை. நேரில் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று மட்டும் நம்பினேன்.

முழுப் பரீட்சை லீவில் மாமாதான் எங்களைக் கூட்டிப் போனார். மாமா அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்தவர், அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய்த் திரும்பியவர். திரும்பி வந்து கொஞ்ச காலத்திலேயே பட்டாளத்தை விட்டுவிட்டு, ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். தூக்கத்தில் யாரோ கூப்பிடுவதாக எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்று அத்தை ஒரு தடவை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டையைப் பற்றிச் சொல்லச் சொல்லி நாங்கள் அவரைப் பிடுங்கி எடுப்போம். அவர் சொல்வதெல்லாம் சாப்பாட்டுக் கதையாக இருக்கும். தேங்காய்ச் சம்பல், சிவப்பரிசிப் புட்டு, பாம்பு நுழைந்த கூடாரம். ஒரு விஷயத்தை மட்டும் நான் பெருமையாகப் பள்ளியில் சொல்லிக்கொள்வேன். அவருடைய குழுவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தானாம். எந்த ஊருக்குள் போனாலும், ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவரைத்தான் கேட்பார்களாம். அவர் அங்கே ஒரு வகையான வாத்தியார் என்று நான் முடிவு செய்துவைத்திருந்தேன்.

பூந்தமல்லியில் பஸ் மாறினோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஒரு பக்கமாக ஓடி வந்து நின்றுபோனதும், வயலுக்கு நடுவில் பெரிய ராட்டினம் தெரிந்தது. பாபு சந்தோஷத்தில் ஸ்டெல்லாவின் தலையில் குட்டினான். அவள் அவன் கையைக் கடித்தாள். மாமா இருவரையும் பிரித்து நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போனதும் கூட்டமெல்லாம் ராட்டினத்துக்கு ஓடியது. நான் மாமாவின் கையைப் பிடித்துப் பேய்க் குகைக்கு இழுத்தேன். சிமென்டில் செய்த ஒரு பெரிய வாய்தான் வாசல். அதற்குள் தண்டவாளம் போனது. பச்சைச் சட்டை போட்ட ஒருவர் எங்களைப் பெட்டியில் உட்காரவைத்து, மடிக்கு மேல் இரும்புக் கம்பியை இறக்கினார். முன்னால் நானும் மாமாவும், பின்னால் ஸ்டெல்லாவும் பாபுவும். "பயந்துகினா கண்ணை மூடிக்கோ பாப்பா" என்றார் அவர். நான் கண்ணை மூடவா இவ்வளவு தூரம் வந்தேன்?

இருட்டு எல்லாரும் சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. மண்டை ஓடு வந்தது. தண்டவாளத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் அது வருகிறது என்பதைக் கவனித்துவைத்தேன். கன்னத்தில் ஈரமாக ஏதோ தடவியது. பிடித்து இழுத்தேன், நூல். பின்னால் பாபு, "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தான். மாமா சிரித்தபடி, "டேய், உங்கம்மா ஊட்டுல கீறாங்கடா" என்றார்.

அப்போது அந்தக் குரல் கேட்டது.

அழுகை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அது அழுகையாக இல்லை. "தண்ணி..." என்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "யாராச்சும் கீறீங்களா... தண்ணி குடுங்களேன்..." ஒரு பெண் குரல், தொண்டை வறண்டுபோய், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல.

மாமாவின் சிரிப்பு நின்றது. "ஷ், யாரும் பேசக் கூடாது" என்றார். அது எனக்குத் தெரியாத ஒருவருடைய குரலாக இருந்தது. குரல் மறுபடியும் தண்ணீர் கேட்டது. மாமா மடி மேலிருந்த கம்பியை இரண்டு கையாலும் தூக்கி மடக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து இறங்கிவிட்டார். "யாரும்மா? எங்கம்மா கீற? பேசு, பேசிக்கினே இரு" என்று அவர் இருட்டில் கேட்டுக்கொண்டு போவது காதில் விழுந்தது. ரயில் எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு வளைவில் திரும்பி, கதவை முட்டித் திறந்து வெயிலில் வந்து நின்றது.

பச்சைச் சட்டைக்காரர் எங்களைப் பார்த்தார், காலி இடத்தைப் பார்த்தார். "இன்னா, நாலு பேரா போனீங்க, மூணு பேரா வரீங்க?"

"மாமா பேய்க்குத் தண்ணி குடுக்கப் போயிட்டார்" என்றாள் ஸ்டெல்லா.

அவர் தலையில் அடித்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிட்டு, டார்ச் லைட்டோடு பின்பக்கம் ஓடினார். மற்ற இருவரும் அங்கேயே நின்றார்கள். எனக்கு மாமாவைப் பற்றிக் கவலை இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் குகைக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த கணத்தில் என் கால்கள் அவர் பின்னால் போய்விட்டன.

உள்ளே அவர் விளக்குகளைப் போட்டார். கல் என்று நான் நினைத்ததெல்லாம் கறுப்படித்த ஒட்டுப்பலகை. மண்டை ஓடு ஸ்பிரிங் கம்பியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பிளாஸ்டர், தாடைக்குக் கதவுக் கீல். மேலே கட்டிய கம்பியில் நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றின் நுனி படும்படி ஈரச்சாக்கு வைத்திருந்தார்கள். ஒரு வருடச் சந்தேகமெல்லாம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோனது. கத்த வேண்டும்போல சந்தோஷமாக இருந்தது.

மாமா ஒரு மூலையில் மண்டியிட்டிருந்தார். சுவர்ப் பலகை ஒன்றை வெறும் கையால் பிய்த்து எடுத்திருந்தார். ஆணி கிழித்து விரலில் ரத்தம். பலகைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார்! இன்னா சார் பண்ணிக்கினு கீற? அது ஸ்பீக்கரு சார்!"

"பேசுறது யாரு?" என்றார் மாமா.

"கேசட்டு சார்."

"கேசட்டுல பேசுறது யாரு?"

பச்சைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் இதுவரை யோசிக்காத கேள்வி அது. ஸ்பிரிங்கையும் கீலையும் பார்த்ததோடு எல்லாம் தெரிந்துவிட்டது என்று இருந்துவிட்டேன். "அது நம்ம ஜூஸ் கடைப் பொண்ணு சார்" என்றார் அவர். "தோ, ராட்டினத்துக்குப் பக்கத்துல."

"உயிரோட கீதா?"

"இன்னா சார் இப்டிக் கேக்குற? காலைலகூட எங்கிட்ட சண்ட போட்டுச்சு."

மாமா எழுந்தார். வெளியே போகும் முன் ஒரு கல்லைத் தேடி எடுத்து, பிய்த்த பலகையை அதே ஆணிகளால் அதே இடத்தில் அடித்துவைத்தார். "தப்பா நெனச்சுக்காத தம்பி" என்றார். திட்டுவதற்கு வாயைத் திறந்திருந்த பச்சைச் சட்டைக்காரர், "கைல ரத்தம் வருது சார்" என்று மட்டும் சொன்னார்.

ஜூஸ் கடையில் இருந்த அக்காவுக்கு இருபது வயது இருக்கலாம். வேப்பம்பட்டிலிருந்து தினமும் வருகிறாளாம். பச்சைச் சட்டைக்காரர் விஷயத்தைச் சொன்னதும் மிக்ஸியை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நான்தான் சார் அந்தப் பேய்! நம்பிட்டீங்களா?"

மாமா அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் இப்படி முன்பின் தெரியாத பெண்ணைப் பார்ப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கும் கொஞ்சம் சங்கடமாகப் போய், தானாகவே பேச ஆரம்பித்தாள். "ஆபீஸ் ரூம்ல பூட்டி அழுன்னாங்க சார். அழுகையே வரல, சிரிப்புதான் வந்துச்சு. மதியம் வரைக்கும் அதே ரோதன. ஃபேன் சத்தம் பதியும்னு அதையும் நிறுத்திட்டாங்க. தொண்ட காஞ்சு போய் நெஜமாவே தண்ணி கேட்டேன். அதைப் புடிச்சுக்கினாங்க."

"குடுத்தாங்களா?" என்றார் மாமா.

"இன்னா சார்?"

"தண்ணி கேட்டியே. அப்புறம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க சார்" என்றாள் அவள். சிரிப்பு போய்விட்டது. "ஒரு சொம்பு ஃபுல்லா குடிச்சேன். ஏன் சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. சிலோன்ல ஒரு நாள், இடிஞ்ச ஊட்டுக்குள்ள இருந்து இப்டித்தான் ஒரு பொண்ணு கேட்டுனே இருந்துச்சு. கூட இருந்தவனுக்கெல்லாம் அது வெறும் சத்தம். எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. உள்ள போவ முடியல." இதை அவர் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த அக்கா மேடைக்குக் கீழே இருந்து துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, அவர் விரலைச் சுற்றிக் கட்டினாள். எனக்கு இந்தப் பேச்சு நீண்டுகொண்டே போவது பொறுக்கவில்லை. அவளை எட்டிப் பார்த்து, "அக்கா, அந்தக் குரல்ல ஒரு தடவ பேசிக் காட்டுங்கக்கா" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். மாமாவைப் பார்த்தாள். "தொண்ட சரியில்ல பாப்பா" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சாத்துக்குடி ஜூஸ் ஊற்றினாள்.

அதன் பிறகு மாமா எங்களைவிடச் சின்னப் பையனாகிவிட்டார். ராட்டினத்தில் திரும்பத் திரும்ப ஏறினார். பாபுவோடு தண்ணீர்ச் சறுக்கில் தலைகீழாக வந்து விழுந்தார். ஸ்டெல்லாவுக்கு வாங்கிய பஞ்சு மிட்டாயில் பாதியை அவரே தின்றார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்தவர், பூந்தமல்லியில் கண்டக்டர் வந்து தோளைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மாமாவை அழைத்துப் போக அத்தை ஆவடியிலிருந்து வந்து காத்திருந்தாள். மாமா கை கால் கழுவப் போனதுதான் தாமதம், நாங்கள் மூவரும் கதையை அவிழ்த்துவிட்டோம். பாபு நாற்காலியை ரயிலாக்கி, மாமாவைப்போல அதிலிருந்து குதித்து, "யாரும்மா? எங்கம்மா கீற?" என்று தவழ்ந்து காட்டினான். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அத்தையைப் பார்த்தாள்.

அத்தை என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப் போனாள். மண்டை ஓட்டைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். பின்வாசல் வழியாகப் போய் எல்லாவற்றையும் பார்த்தவள் நான் ஒருத்திதானே.

"அந்தப் பொண்ணை அவரு நேர்ல பாத்தாரா?" என்றாள்.

"பாத்தாரு அத்தை. அந்த மண்டை ஓடு இருக்குல்ல, அதுக்கு ஸ்பிரிங்..."

"எப்டி இருந்தா?"

"நல்லாத்தான் இருந்தாங்க. ரெட்டைப் பின்னல். ஜூஸ் போட்டுக்கினு இருந்தாங்க. ரயில் வந்தா தண்டவாளத்துல ஒரு கட்டை அமுங்கும் அத்தை, அதுலதான்..."

"அவர்கூடப் பேசினாளா? சிரிச்சாளா?"

சிரித்தாள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள் என்றேன். அத்தை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி, சத்தம் வராமல் அழுதாள். வெளியே பாபு இன்னொரு தடவை நாற்காலியிலிருந்து குதித்தான், எல்லாரும் சிரித்தார்கள். குகையில் இருந்த எல்லாவற்றையும் எனக்கு விளக்கத் தெரியும், யார் கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தேன். யாரோ ஒரு ஜூஸ் கடை அக்கா சிரித்ததற்கு அத்தை ஏன் அழ வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.